பின்பக்கம் நான்கு, முன்பக்கம் இரண்டு

சென்ற மாதம் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு தங்கை போனில் அழைத்தாள். எங்கள் பொதுச் சேவை மையத்தில், அதாவது அரசு விண்ணப்பங்களை அனுப்பித் தரும் சென்டரில், ஒரு வருடம் வேலை பழகிவிட்டுப் போனவள், இப்போது சொந்தமாகக் கடை தொடங்கப் போகிறாள். கம்ப்யூட்டர் விற்பவர் கொடுத்த விலைப்பட்டியலை வரிவரியாக வாசித்தாள். பிராசசர், ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் விவரம் இருந்தது. கடைசியில் கேட்டாள்: "அக்கா, யுஎஸ்பி போர்ட் பின்னால் நான்கு, முன்னால் இரண்டு என்று போட்டிருக்கிறது. போதுமா?"

வீட்டில் ஒரு பிள்ளை படிப்பதற்கான கம்ப்யூட்டர் என்றால் போதும் என்று சொல்லிப் போனை வைத்திருப்பேன். கீபோர்டு, மவுஸ், ஒரு பிரிண்டர், எப்போதாவது ஒரு பென் டிரைவ். ஆறு போர்ட் தாராளம். ஆனால் அவள் உட்காரப் போவது வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்களுக்கு முன்னால். அன்று முக்கால் மணி நேரம் பேசினோம். போனில் சொல்ல வராமல் விட்டது ஒன்று உண்டு. அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில், மேம்பாலத்தை ஒட்டிய ஒரு கட்டிடத்தின் மாடியில் எங்கள் பொதுச் சேவை மையம் இருக்கிறது. 2014இல் தொடங்கினோம். அப்போது வாங்கிய கம்ப்யூட்டரிலும் இதே கணக்குதான்: பின்னால் நான்கு, முன்னால் இரண்டு. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேம், கைரேகைக் கருவி. ஆறுக்கு ஆறு. எல்லாம் பொருந்திவிட்டது என்று அன்று மனதுக்கு நிறைவாக இருந்தது.

அந்த நிறைவு முதல் வாடிக்கையாளர் பென் டிரைவோடு வந்து நிற்கும் வரைதான். அவருக்கு இடம் கொடுக்க ஸ்கேனரைப் பிடுங்க வேண்டும். அவருக்குப் பின்னால் இருப்பவர் சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்ய வந்திருப்பார். அடுத்தவர் போனில் இருக்கும் போட்டோவைப் பிரிண்ட் எடுக்கக் கேட்பார். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து டிஜிட்டல் கையொப்ப டோக்கனோடு ஒரு பையன் வருவான், பென் டிரைவ் போல அதையும் யுஎஸ்பியில்தான் செருக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றைப் பிடுங்கி ஒன்றைச் செருகி, ஒரு வருடத்துக்குள் முன்பக்கத்துப் போர்ட் இரண்டும் தளர்ந்துவிட்டன. பின்பக்கப் போர்ட்கள் மதர்போர்டிலேயே பற்றவைத்தவை. முன்பக்கத்தவை அப்படி அல்ல. கேபினட்டுக்குள்ளே ஒரு மெல்லிய கேபிள் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. கைக்கு எட்டுகிறது என்று எல்லாவற்றையும் முன்னாலேயே செருகுகிறோம், அதனால் முதலில் கெடுவதும் அதுதான்.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தது. எங்கள் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் ஒடிந்து விழுந்த கிடப்பையும், சாய்ந்த மின்கம்பங்களையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கரண்ட் வந்த பிறகும் எங்கள் பிராட்பேண்ட் லைன் பல நாள் வரவில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளிலிருந்தும், தோட்டத்தை இழந்தவர்களிடமிருந்தும் விண்ணப்பங்கள் வந்துகொண்டிருந்த நேரம். கடையைச் சாத்த மனம் வரவில்லை. சிம் போட்டு இன்டர்நெட் எடுக்கும் யுஎஸ்பி டேட்டா கார்டு ஒன்றை வாங்கிச் செருகினேன். லைன் சரியான பிறகும் ஒரு பயத்தில் அதை எடுக்கவே இல்லை. ஏழாவது பொருள் நிரந்தரமாகக் குடியேறியது அப்படித்தான். அதற்காக நூற்றைம்பது ரூபாய்க்கு நான்கு வாய் உள்ள ஒரு ஹப் வாங்கினேன். தனிக் கரண்ட் எடுக்காத, நேராகக் கம்ப்யூட்டரிலேயே மாட்டுகிற வகை. ஒரு வாய் நான்கானது. டேட்டா கார்டும் கைரேகைக் கருவியும் அதில்தான். பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன்.

2018 நவம்பர். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம். ஜீவன் பிரமாண் என்று 2014இல் வந்த முறை. ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் சான்று போய்ச் சேர்ந்துவிடும். அருமனையிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மாதம் ஆயிரம் ரூபாய் பி.எஃப். பென்ஷன்.

வலது கைப் பெருவிரலை வைத்தார். ஏற்கவில்லை. சுட்டுவிரல், நடுவிரல், பிறகு இடது கை. ஒவ்வொரு முறையும் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தார். அந்தக் கையைக் கிட்டத்தில் பார்த்தேன். முந்திரித் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். சாம்பல் தொட்டுக்கொண்டு தல்லினாலும், அதாவது கொட்டையைத் தட்டி உடைத்தாலும், அது விடாது. விரல்நுனிகள் வழவழவென்று, ஆற்றுக் கல்லைப்போல இருந்தன. நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை. "மக்களே, இந்தக் கையில் ரேகை எங்கே இருக்கப் போகிறது?" என்று அவரே சொன்னார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆதாரில் ரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்துப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். அப்போதும் ஏற்கவில்லை. மறுபடியும் அனுப்பினேன்.

அவர் போன அன்று சாயங்காலம் ஒரு பையன் போனில் சார்ஜ் இல்லை என்று ஹப்பில் கேபிளைச் செருகினான். டுடுங் என்று ஒரு சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று கழன்றால் கம்ப்யூட்டர் தரும் சத்தம். என் முன்னால் இருந்த கைரேகைக் கருவியின் சிவப்பு வெளிச்சம் மங்கி, அணைந்து, மீண்டும் எரிந்தது. போனை எடுக்கச் சொன்னேன். வெளிச்சம் நிலைத்தது. மறுபடி செருகச் சொன்னேன். டுடுங். அந்தச் சத்தத்தை இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கூட்டத்தின் பேச்சுக்கும் பிரிண்டர் இரைச்சலுக்கும் நடுவே அதை ஒரு சத்தமாகவே காதில் வாங்கவில்லை.

கணக்கு சிக்கலானதே அல்ல. 1996இல் யுஎஸ்பி வந்தபோதே ஒரே கட்டுப்பாட்டுச் சில்லின் கீழ் 127 பொருட்கள் வரை இணைக்கலாம் என்று விதி வகுத்தார்கள். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் யாருக்கும் எதுவும் குறையாது. ஆனால் உள்ளே கறுப்பு அல்லது வெள்ளைப் பிளாஸ்டிக் நாக்கு தெரியும் பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். 2008இல் வந்த யுஎஸ்பி 3.0இன் நீல நாக்குப் போர்ட் 900. தனிக் கரண்ட் இல்லாத ஹப் அந்த 500இல் தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியைத் தன் நான்கு வாய்க்கும் தலைக்கு 100 என்றுதான் தர வேண்டும். டேட்டா கார்டு ஒன்றே அந்த 500இல் பெரும்பகுதியை இழுக்கக்கூடியது. அதன்மேல் ஒரு போன் சார்ஜுக்கு நின்றால் கைரேகைக் கருவிக்கு என்ன மிஞ்சும்? பேச்சிப்பாறை அணைத் தண்ணீருக்குக் கடைமடையில் காத்திருக்கும் விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மடைகளின் எண்ணிக்கை கூடினால் தண்ணீர் கூடிவிடாது.

அன்று இரவே கம்ப்யூட்டரை இழுத்துத் திருப்பி, கைரேகைக் கருவியை நேராகப் பின்பக்கம் செருகினேன். நோட்டில் அந்த இரண்டு வாரம் "ரேகை இல்லை" என்று எழுதித் திருப்பியனுப்பியவர்களை எண்ணினேன். பதினொரு பேர். ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் மூன்று பேர், அண்டி ஆபீஸ் அம்மாக்கள் ஐந்து பேர், மற்றவர்கள் வயதானவர்கள். எல்லாருடைய போன் எண்ணுக்கும் அழைத்தேன். எட்டுப் பேர் திரும்ப வந்தார்கள். ஐந்து பேருடைய விரலைக் கருவி ஏற்றுக்கொண்டது. அருமனை அம்மாவின் இடது கை மோதிர விரல் இரண்டாவது தடவையிலேயே போய்விட்டது. மூன்று பேருக்கு உண்மையிலேயே ரேகை தேய்ந்திருந்தது. அவர்களைக் கருவிழிக் கருவி இருக்கும் இடத்துக்கு நானே கூட்டிப் போனேன்.

தேய்ந்த கை ஒன்று முன்னால் வந்து நின்றால் குறை கையில்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அந்த அம்மாவும் அப்படியே நம்பினார், தன் கையைத்தான் குறை சொன்னார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். போனில் அந்தத் தங்கையிடம் ஹப்பைப் பற்றிச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை.

2021இல் முகத்தைப் பார்த்து உறுதிசெய்யும் வழி ஜீவன் பிரமாணில் வந்தது. பெரிய ஆறுதல். ஆனாலும் விரல் கேட்கும் வேலைகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

சரி, போர்ட் பற்றாவிட்டால் என்ன செய்யலாம்? முதலில் கீபோர்டையும் மவுஸையும் யுஎஸ்பியிலிருந்து விடுவிக்கலாம். கம்ப்யூட்டரின் பின்னால் ஊதாவும் பச்சையுமாக வட்டமாக இரண்டு வாய் இருந்தால் அவை பிஎஸ்/2. 1987இல் ஐபிஎம் கம்ப்யூட்டரோடு வந்த பழைய வகை. இப்போது பல மதர்போர்டுகளில் பாதி ஊதா, பாதி பச்சையாக ஒன்றே ஒன்று வருகிறது. அதற்கான கீபோர்டு கிடைத்தால் ஒரு யுஎஸ்பி மிச்சம். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். வயர் இல்லாத கீபோர்டும் மவுஸும் சேர்ந்த ஜோடி என்றால் ஒரே ரிசீவர் போதும், அதுவும் ஒன்று மிச்சம். ஆனால் அந்த ரிசீவரை நீலப் போர்ட்டில் ஓடும் ஹார்டு டிஸ்கின் பக்கத்தில் வைக்கக் கூடாது. யுஎஸ்பி 3.0 ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுந்து மவுஸ் தத்தித் தத்திப் போகும். நான் பேட்டரி தீர்ந்தது என்று எண்ணி இரண்டு முறை பேட்டரி மாற்றியிருக்கிறேன்.

ஹப் வாங்கியே ஆக வேண்டும் என்றால் சுவரில் மாட்டும் அடாப்டரோடு வருவதை வாங்க வேண்டும். விலை பல மடங்கு கூடும். கொடுக்கலாம். டெஸ்க்டாப்பில் இன்னொரு வழியும் உண்டு: மதர்போர்டில் காலியாகக் கிடக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடத்தில் நான்கு போர்ட் உள்ள கார்டு ஒன்றைச் சொருகிவிடலாம். லேப்டாப் வாங்கியவர்களுக்கு இந்த வசதி இல்லை.

யுஎஸ்பியை மட்டும் எண்ணிவிட்டு மானிட்டர் வாயை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் கடையில் மானிட்டர் இரண்டு. ஒன்று எனக்கு, ஒன்று வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும். நான் தட்டச்சு செய்யும் பெயரையும் இனிஷியலையும் அவர் தன் கண்ணால் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அனுப்புவேன். ஒரு எழுத்து பிசகினால் அவருக்குத் தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை நடை என்று எனக்குத் தெரியும். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கும், புதியதில் எச்டிஎம்ஐ. கம்ப்யூட்டரில் இரண்டும் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே திருப்பிப் பார்க்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு சங்கதி. இங்கே ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் சென்டர் வைத்திருக்கும் அக்காவின் கம்ப்யூட்டரில், பயன்படுத்தாமல் கிடந்த போர்ட்களின் உள்ளே பச்சைப் பாசி பிடித்ததுபோலக் களிம்பு ஏறியிருந்தது. காலிப் போர்ட்டுக்கு ரப்பர் மூடி போடுங்கள், சில்லறைக் காசுதான் ஆகும். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி முழங்கினால் மின்சார பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, இன்டர்நெட் கேபிளையும் பிடுங்க வேண்டும். ஒருமுறை அந்த வழியாக வந்த மின்னல் எங்கள் கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டை எரித்துவிட்டுப் போனது. பத்துக் கேபிளில் எது எது என்று இருட்டில் தடவாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றிப் பேனாவால் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆறு போதாது, பின்னால் ஆறும் முன்னால் இரண்டும் உள்ளதாகக் கேள், அதில் குறைந்தது இரண்டு நீலமாக இருக்கட்டும், புதுப் போன்களுக்கு டைப்-சி ஒன்று இருந்தால் நல்லது என்று அந்தத் தங்கையிடம் சொன்னேன். பிராசசரில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை. விண்ணப்பம் நிரப்ப அவ்வளவு வேகம் தேவையில்லை.

போன வாரம் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பின்னால் ஆறு. எண்ணிப் பார்த்துவிட்டுப் போன் செய்தேன். நீல நாக்கு உள்ள ஒன்றின்மேல் பிளாஸ்திரி ஒட்டி "ரேகை" என்று எழுதச் சொன்னேன். அதில் வேறு எதையும் செருகக் கூடாது, யார் கேட்டாலும்.

"சரி அக்கா," என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அவள் கடை திறக்கும் நாளில் நேரில் போய் அருமனை அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.