உரும்பிராய்க் கொட்டிலுக்குள் காற்று

கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த எனக்குக் காளான் அறை என்பது குளிரை அளவோடு உள்ளே விடும் அறையாகவே தெரிந்திருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருந்த எங்கள் வீட்டின் பின்புறத்தில் அப்பா மொட்டுக் காளான் வளர்த்தார். அது அரும்புவதற்கு வேண்டிய 14 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை ஆண்டின் பெரும்பகுதியில் மலையே கொடுத்துவிடும். ஜன்னலை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பது மட்டுமே அங்கே யோசனை. திருமணமாகி யாழ்ப்பாணத்துக்கு வந்து, உரும்பிராயில் கணவர் வீட்டு வளவில் சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கியபோது, அதே தொழிலைத் தட்டையான, இரவிலும் சூடு முழுதாக இறங்காத ஒரு நிலத்தில் செய்ய வேண்டியிருந்தது. வதிவிட விசாவுக்கான படிவங்கள், சந்தையில் விலை கேட்கும் முறை, என்னை ‘இந்தியாப் பிள்ளை’ என்றே அழைக்கும் அயலவர்கள் ஆகிய எல்லாம் விரைவில் பழகிவிட்டன. இந்த ஊரின் காற்றைப் பழகத்தான் அதிக காலம் தேவைப்பட்டது.

எனக்குக் கிடைத்த இடம் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட ஒரு கொட்டில். சின்ன வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடுவதற்காக என் மாமனார் கட்டியது. கீழ்ப்பாதி கற்சுவர், மேற்பாதி பனைமட்டை வரிச்சு, மேலே தகரம். தகரத்தைப் பார்த்த எல்லோரும் பெரிய விசிறி ஒன்றைப் பூட்டச் சொன்னார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விசிறியின் எல்லை உடனே தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 200 கன அடிக் காற்றை வெளியே தள்ளும் விசிறி, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஏறத்தாழ 110 வாட் வெப்பத்தை மட்டுமே எடுத்துச் செல்லும். உச்சி வெயிலில் 120 சதுர அடிக் கூரையின் மேல் விழுவதோ 10,000 வாட்டுக்கு அருகில். அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலே, சுவர் வழியாகப் போவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே 9 டிகிரி கூடிவிடும். எனவே முதலில் செலவழித்தது விசிறிக்கல்ல, கிடுகுக்கு, அதாவது பின்னிய தென்னோலைக்கு. தகரத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு வரிச்சுக் கட்டி, அதன்மேல் கிடுகு வேய்ந்தோம். வெயிலைக் கிடுகு வாங்கிக்கொள்ள, இடைவெளியில் சூடேறும் காற்று முகட்டுப் பக்கமாக வெளியேறிவிடுகிறது.

கூரையை இப்படி அடக்கிய பிறகும், காற்றோட்டத்தால் மட்டும் கொட்டிலை வெளியை விடக் குளிராக்க முடியாது என்பது மாறாது. கோத்தகிரியில் வெளிக்காற்று எப்போதும் உதவிக்கு வரும். இங்கே மத்தியானத்து வெளிக்காற்றே 33 டிகிரியாக இருக்கும்போது அதை உள்ளே அழைப்பது சூட்டை அழைப்பதாகும். சிப்பிக் காளான் வகைகள் பெரும்பாலும் 20 முதல் 28 டிகிரிக்குள் நன்றாக விளைபவை. போதாததற்கு, மரத்தூள் பைக்குள் காளான் இழை பரவும் காலத்தில் அதன் மூச்சாலேயே பையின் நடுப்பகுதி அறையை விட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகச் சுடும். அதனால் அந்தப் பருவத்துப் பைகளை ஒன்றோடொன்று முட்ட அடுக்காமல், கை நுழையும் இடைவெளி விட்டுத் தட்டுகளில் வைக்கிறேன்.

வெளிக்காற்றை விடக் கீழே இறங்குவதற்கு நீர் ஆவியாக வேண்டும். காற்று நுழையும் பக்கத்தில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிடுகிறோம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. 33 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்றை எவ்வளவு நனைத்தாலும் ஏறத்தாழ 27½ டிகிரிக்குக் கீழே கொண்டுபோக முடியாது; நடைமுறையில் 29 கிடைத்தால் நல்ல நாள். கிணற்று நீர் குளிர்ச்சி தரும் என்று மலைநாட்டுக்காரியாகிய நான் எதிர்பார்த்தது இயல்பே. ஆனால் நிலத்தடி நீரின் வெப்பநிலை ஓர் ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும் என்பதால், யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் 28 டிகிரி அளவிலேயே மேலே வருகிறது. ஆகவே இங்கே நீர் குளிர்விப்பது ஆவியாவதால்தான். சுண்ணக்கல்லுக்குள் ஊறி வரும் நீர் என்பதால் அது ஆவியாகும் இடமெல்லாம் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும். தெளிப்பான் துளைகள் அடைபடுகின்றன, சாக்குகள் விறைத்துப் போகின்றன. தெளிப்பதற்கு இப்போது முடிந்தவரை தொட்டியில் சேர்த்த மழைநீரையே பயன்படுத்துகிறேன். கிணற்று நீர் சாக்குகளுக்கு மட்டும்.

திறப்புகளை எங்கே வைப்பது என்பதில்தான் பாடப்புத்தகத்து அறிவு இங்கே தலைகீழாகிறது. சூடான காற்று மேலெழும், ஆகவே கீழே ஒரு வாயும் மேலே ஒரு வாயும் வைத்தால் காற்று தானாகவே ஏறிப்போகும் என்பது உள்ளே சூடாகவும் வெளியே குளிராகவும் இருக்கும் அறைக்குப் பொருந்தும். ஈரச் சாக்கால் குளிர்ந்த கொட்டிலுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றை விடக் கனமானது. மேல் வாய் திறந்திருந்தால் அந்தக் குளிர்ந்த காற்று கீழ் வாய் வழியாக வழிந்துபோய்விட, மேலிருந்து வெயிற்காற்று உள்ளே இறங்கும். எனவே பகலில் மேல் வாய்களை மூடி வைத்து, பொழுது சாய்ந்து வெளிக்காற்று உள்ளதை விடக் குளிர்ந்த பின்னர் திறக்கிறோம். அதுவரை விசிறி கால் மணி ஓடிக் கால் மணி ஓய்கிறது. அது குளிர்ச்சிக்காக ஓடவில்லை. காளான் வெளிவிடும் கரியமில வாயுவை அகற்றவே ஓடுகிறது. அந்த வாயு தேங்கினால் தண்டு நீண்டு, குடை சிறுத்துப்போகும். அத்தகைய காளானை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் யாரும் இரண்டாம் முறை வாங்குவதில்லை. சிற்றீக்களைத் தடுக்கும் நுண்வலை காற்றையும் தடுப்பதால், வலை போட்ட வாய்களை ஏறத்தாழ இரட்டிப்பு அகலமாக்கினோம்.

விசிறியை நம்பித் தொழில் செய்ய முடியாது என்பதை 2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் காட்டியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. அதுவும் காற்றசையாத, வெயில் ஏறும் மாதத்தில். அந்த நாள்களில்தான் மாமி கொட்டிலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “சோழகம் தொடங்கட்டும் பிள்ளை, பிறகு உன்ர கொட்டிலுக்கு விசிறியே தேவைப்படாது. ஆனா மேற்குப் பக்கத்தைத் திறந்தியெண்டால் எல்லாம் காய்ஞ்சு போயிடும்.” வெங்காயம் உலர வேண்டிய பொருள், காளான் காயக்கூடாத பொருள்; ஆனால் காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நேரத்தில் எழும் என்பதை இந்த வளவில் அவரை விட நன்றாக அறிந்தவர் இல்லை. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோழகம் பகல் முழுவதும் விடாமல் அடிக்கும். அது விசிறியை விட வலுவானது, அடங்காதது. அதை நேரே உள்ளே விடாமல், தென்மேற்கு மூலையில் ஓலைத் தட்டி ஒன்றை மறைப்பாக நிறுத்தி, சாக்கைத் தடவிக்கொண்டு பக்கவாட்டாக நுழையச் செய்தோம். அப்படியும் காலை, மத்தியானம், பின்னேரம் எனச் சாக்குகளை நனைக்க வேண்டும். தவறினால் ஈரப்பதன் 80 சதவீதத்துக்குக் கீழே விழுந்து குடை விளிம்புகள் வெடிக்கும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாள்களும் பெரும்பாலும் இந்தக் காற்றுக் காலத்திலேயே வருவது எனக்கு வாய்த்த நல்லூழ். அப்போது ஊரில் பல வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைப்பதில்லை. கேட்கும் அளவுக்குக் காளான் கொடுக்க முடிவதில்லை.

மாரியில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து மழையைச் சேர்த்துக்கொண்டு வரும்போது வெப்பம் தானாகவே இறங்கிவிடும். நான் செய்ய வேண்டியது வடக்கு வாய்க்குத் தாழ்வாரம் இறக்கிச் சாரலைத் தடுப்பது மட்டுமே. கடினமானவை இரண்டு காற்றுகளுக்கும் நடுவில் வரும் மார்ச்சும் ஏப்ரலும்தான். 30 டிகிரிக்கு மேலும் விளையும் பால் காளான் அந்த மாதங்களுக்கு ஏற்றது. தமிழ்நாட்டில் அது தாராளமாக வளர்க்கப்படுகிறது. ஆனால் வித்துப் போத்தலைப் பயணப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட இயலாது, தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். அதுவரை ஏப்ரலில் சிப்பிக் காளான் பைகளைப் பாதியாகக் குறைத்து இடைவெளியை அதிகரிக்கிறேன்; உக்கிய கிடுகை மாற்றுவதும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும் அந்த மாதத்து வேலைகள்.