நாகசாகி: இரண்டாவது குண்டு எதற்கு?

ஹிரோஷிமாவிலிருந்து நாகசாகி போகிறவர்கள் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஹகாதா வரை போய் அங்கே வண்டி மாற வேண்டும். ஹகாதாவுக்கு முந்தைய நிறுத்தம் கொகுரா. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டு விழுந்திருக்க வேண்டிய ஊர் இதுதான். பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊர். மேகமும் புகையும் மறைத்ததால் குறி தெரியவில்லை. மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு அமெரிக்க விமானம் நாகசாகி பக்கம் திரும்பியது. காலை 11 மணி 2 நிமிடத்துக்கு உராகாமி பள்ளத்தாக்குக்கு மேலே குண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் செத்தவர்கள் சுமார் 74,000 பேர்.

நாகசாகியில் டிராம் வசதி நன்றாக இருக்கிறது, சிரமமில்லை. குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கறுப்புக் கல்தூண் நிற்கிறது. பக்கத்தில் பழைய உராகாமி தேவாலயச் சுவரின் ஒரு பகுதி. பெரும்பாலானவர்கள் இங்கே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் படியிறங்கி ஓடைப் பக்கம் போங்கள். அன்றைய மண்ணைக் கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஓட்டுச் சில்லு, செங்கல், உருகிப்போன கண்ணாடி, நடுவில் உடைந்த பீங்கான் துண்டுகள். யாரோ காலையில் சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கவிழ்த்த கிண்ணமாக இருக்கும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தேவாலயம் அங்கிருந்து 500 மீட்டர்தான். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒளித்து வைத்து விசுவாசத்தைக் காப்பாற்றிய கத்தோலிக்கர்களின் வாரிசுகள் கட்டிய கோயில். குண்டு விழுந்த நேரத்தில் உள்ளே பாவசங்கீர்த்தனம் (பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) நடந்துகொண்டிருந்தது. இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. மணிக்கூண்டின் குவிமாடம் உருண்டு விழுந்த சரிவிலேயே இன்றும் கிடக்கிறது.

போரைச் சீக்கிரம் முடித்து இன்னும் பலர் சாகாமல் தடுத்தது, அதனால் குண்டு போட்டது சரிதான் என்பவர்களின் வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். ஜப்பானின் ஒகினாவா தீவில் மூன்று மாதச் சண்டையில் ஒரு லட்சம் அளவுக்குப் பொதுமக்களே செத்தார்கள். அடுத்து, நாகசாகி இருக்கும் கியூஷூ தீவில் அமெரிக்கப் படை தரையிறங்க நவம்பர் 1 என்று தேதி குறித்திருந்தார்கள். அப்புறம், மலாயா தோட்டங்களிலிருந்து ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுக் காலராவிலும் பட்டினியிலும் மாண்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். அந்தக் குடும்பங்களுக்கு ஜப்பான் எப்படித் தோற்றாலும் விடிவுதான்.

சரி, ஹிரோஷிமாவுக்கு வேண்டுமானால் இதையெல்லாம் சொல்லலாம் என்றே வைத்துக்கொள்வோம். மூன்றே நாளில் நாகசாகி எதற்கு? ஹிரோஷிமாவில் விழுந்தது அணுகுண்டுதானா என்று பார்க்க ஜப்பானிய விஞ்ஞானிகள் அங்கே போய்ச் சேர்ந்ததே 8ஆம் தேதிதான். இரண்டாவது குண்டுக்கென்று யாரும் தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கவும் இல்லை. தயாராகத் தயாராகப் போடலாம் என்று அமெரிக்க ராணுவத்தின் ஜூலை 25 உத்தரவிலேயே எழுதியாகிவிட்டது. முதலில் 11ஆம் தேதி என்றுதான் இருந்தது. வானிலை கெடும் என்று 9ஆம் தேதிக்கு முன்னால் தள்ளினார்கள்.

அன்று விடிவதற்கு முன்பே சோவியத் படை, ஜப்பானின் பிடியிலிருந்த மஞ்சூரியாவுக்குள் நுழைந்துவிட்டது. டோக்கியோவில் ஜப்பானின் உச்ச போர்க்குழுவின் ஆறு பேரும் சரணடைவது பற்றித்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் நடுவில் நாகசாகிச் செய்தி வந்தது. அதற்குப் பிறகும் மூன்றுக்கு மூன்று என்றே நின்றார்கள். அன்றிரவு பேரரசர் தலையிட்ட பிறகுதான் முடிவு வந்தது. நாகசாகி யார் மனதையும் மாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. மறுநாள், தன் அனுமதி இல்லாமல் இனி ஒரு குண்டும் போடக் கூடாது என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டார். அதை இரண்டு நாள் முன்னால் சொல்லியிருக்கலாமே என்ற ஆத்திரம் எனக்கு அடங்கவில்லை.

போனால் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் கொரியர்களுக்கான நினைவுக்கல்லையும் தேடிப் பாருங்கள். சிறியது, கண்ணில் படாமல் போய்விடும். ஜப்பானின் பிடியிலிருந்த கொரியாவிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் இந்தக் குண்டில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஆசியாவை ஜப்பானிடமிருந்து மீட்ட குண்டு என்று சொல்பவர்கள் இவர்களுக்கு என்ன பதில் சொல்வார்கள்?