சமக்குறி போட்டால் மட்டும் போதாது

கணினி அடிப்படைத் தேர்வில் நான் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டது ரொம்பச் சின்னக் கேள்வியில். "கீழே உள்ளவற்றில் எக்செல் ஏற்காத ஃபார்முலா எது?" விடைகளில் =5+3 என்று ஒன்று, =3ஏ*2 என்று ஒன்று. செல் (எக்செல் அட்டவணையின் ஒரு கட்டம்) பெயரே இல்லாமல் கணக்கிடும் ஃபார்முலாவா என்று நினைத்து முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். அது செல்லும், 8 என்று விடையும் வரும். செல்லாதது மற்றது. செல் பெயரில் நெடுவரிசை எழுத்து முதலில், வரிசை எண் பிறகு. ஏ3 உண்டு, 3ஏ கிடையாது.

அதன்பின் படிக்கும் முறையையே மாற்றினேன். ஒவ்வொரு ஃபார்முலாவையும் இரண்டு தடவை கேள்வி கேட்பேன். எக்செல் இதை ஏற்குமா? ஏற்றால், நான் கேட்டதைத்தான் கணக்கிடுமா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். தொடக்கத்தில் = வேண்டும். அது இல்லாமல் ஏ1+பி1 என்று அடித்தால் வெறும் எழுத்தாகவே நிற்கும். பெருக்கலுக்கு * தான், பழக்கதோஷத்தில் இரண்டு செல் பெயர்களுக்கு நடுவே எக்ஸ் எழுத்தைப் போட்டால், பெயர் புரியவில்லை என்று சொல்லும் 'நேம்' பிழை வரும். வகுத்தலுக்கு /, அடுக்குக்கு ^. திறந்த அடைப்புக்குறிகளை எண்ணி மூடுங்கள்.

இரண்டாவதில்தான் வினாத்தாள் எடுப்பவர்கள் விளையாடுவார்கள். ஏ1, ஏ2, ஏ3 செல்களில் 60, 70, 80 இருக்கின்றன, சராசரி வேண்டும். =ஏ1+ஏ2+ஏ3/3 என்று எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது. 80 மட்டும் மூன்றால் வகுபட்டு 156.67 வந்து நிற்கும். =(ஏ1+ஏ2+ஏ3)/3 என்றால் 70. இன்னொரு வேடிக்கை, =-2^2 என்று அடித்துப் பாருங்கள். கணக்குப் பாடத்தில் விடை -4, எக்செலில் 4. அது கழித்தல் குறியை முதலில் 2-உடன் ஒட்டிவிட்டு அப்புறம்தான் அடுக்குக்குப் போகிறது.

டாலர் குறியை மனப்பாடம் செய்யாதீர்கள், நகலெடுத்துப் பாருங்கள். சி2 செல்லில் =பி2*ஈ1 எழுதி கீழே இழுத்தால், சி3-இல் அது =பி3*ஈ2 ஆகிவிடும். ஈ2 காலி என்றால் விடை 0. =பி2*$ஈ$1 என்று எழுதியிருந்தால் ஈ1 அசையாது. சந்தேகம் வந்தால் அந்த செல்லில் எஃப்2 அழுத்துங்கள், ஃபார்முலா தொடும் செல்கள் வண்ணத்தில் தெரியும்.

செய்முறைத் தேர்வில் என்னை வியர்க்க வைத்தது வேறு. ஏ1 முதல் ஏ5 வரை கூட்ட =சம்(ஏ1:ஏ5) போட்டேன், கூட்டுத்தொகை குறைவாக வந்தது. ஃபார்முலாவில் குற்றமே இல்லை. ஒரு செல்லில் இருந்த எண் எழுத்தாகப் பதிவாகியிருந்தது, சம் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. அதே செல்களை + போட்டுக் கூட்டினால் எக்செல் அதையும் எண்ணாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளும், அதனால் இரண்டு விடையும் ஒத்துவராது. நாமாக ஒழுங்குபடுத்தாத செல்லில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். இப்போதெல்லாம் ஃபார்முலா எழுதும் முன் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.