டைட்டிலின் பின்பக்கம்: நியூ ஜெர்சியிலிருந்து ஸ்கார்பரோவுக்கு

என் மனைவி 6 வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடா போய், ஸ்கார்பரோவில் வளர்ந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவள். சொந்த ஊர் எது என்று கேட்டால் யாழ்ப்பாணம் என்பாள். "ஊருக்குப் போகவேணும்" என்றால் அது ஸ்கார்பரோ. கல்யாணமாகி பத்து வருடம் என்னோடு நியூ ஜெர்சி எடிசனில் குப்பை கொட்டினாள். மாமா தவறியபின் ஸ்கார்பரோவில் அந்தப் பெரிய வீட்டில் மாமி தனியாக இருந்தார். (எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் மாமியார் 'அத்தை'. இவர்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாரைத் தேடுகிறாய் என்பார்கள். முதல் வருடமே மாறிவிட்டேன்.) ஒருநாள் இரவு போனை வைத்துவிட்டு, "நாங்கள் அங்க போவமே?" என்று கேட்டாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. ஆனால் 2023 ஜூலையில்தான், எங்கள் மினிவேனையும் ஓட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்தோம்.

என்னைப் பற்றிய தாள்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். உண்மையில் அதில் சொல்ல அதிகமில்லை. கனடியக் குடிமகள், நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டே கணவனுக்கு ஸ்பான்சர் செய்யலாம். நிரந்தரவாசியாக மட்டும் இருந்தால் முடியாது, கனடாவுக்குள் இருந்தாக வேண்டும். வெளியே இருக்கும் குடிமகள் ஒன்றைக் கூடுதலாக நிரூபிக்க வேண்டும்: கணவனுக்கு அனுமதி கிடைத்ததும் தானும் அங்கேயே வந்து வாழப்போகிறாள் என்பதை. இதற்கு மாமி ஒரு கடிதம் எழுதினார், தமிழில், கோடு போட்ட தாளில். "என் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் என்னுடன் இந்த வீட்டில் இருப்பார்கள். மேல்மாடியில் இரண்டு அறைகள் உண்டு." அதை மொழிபெயர்த்துச் சேர்த்தோம். எஃப்.பி.ஐ.யிலிருந்து கைரேகைச் சான்று, இந்தியாவுக்கான போலீஸ் சான்று, கனடா அங்கீகரித்த டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனை. 2022 மே மாதம் போட்ட விண்ணப்பம், அடுத்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில் சி.ஓ.பி.ஆர். என்ற நிரந்தரவாச உறுதித் தாளாகத் திரும்பி வந்தது. அதிலுள்ள காலாவதித் தேதிக்குள் எல்லையில் போய் நிற்க வேண்டும்.

பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். அவர்களுக்கும் ஸ்பான்சர் செய்ய வேண்டும் என்று பலர் எங்களைப் பயமுறுத்தினார்கள். வேண்டியதில்லை. தாய் குடியுரிமை பெற்ற பிறகு வெளிநாட்டில் பிறந்த முதல் தலைமுறை என்பதால் பிறந்தபோதே கனடியர்கள். அதற்கான சான்றிதழுக்கு மட்டும் விண்ணப்பித்தால் போதும். இருவருக்கும் ஏற்கெனவே நாடு இருந்தது. எனக்கும் மினிவேனுக்கும்தான் இல்லை.

வேனை ஏன் விற்கவில்லை என்று கேட்பீர்கள். 2017 மாடல், கடன் கட்டி முடித்தது, மகன் சிந்திய பால் உட்பட எல்லாக் கறையும் எங்களுடையது. அப்போது கனடாவில் பழைய வண்டி விலை உச்சத்தில் இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கொண்டுபோவதில் கொஞ்சம் மிச்சம் தெரிந்தது. இன்று கேட்டால், உங்கள் வண்டி பத்து வயதைத் தாண்டியிருந்தால் அங்கேயே விற்றுவிடுங்கள் என்பேன். மிச்சமாகும் பணத்தில் பாதி தலைவலி மாத்திரைக்கே போய்விடும்.

நான் செய்த பெரிய தப்பு, கனடாவுக்குள் நுழைவதையே நினைத்துக்கொண்டிருந்தது. வண்டி அங்கே அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா, ரீகால் (குறை கண்டு தயாரித்த கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதும் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கியாயிற்றா, என்ன வரி வரும் என்றெல்லாம் துருவித் துருவிப் படித்தேன். அமெரிக்காவிலிருந்து அந்த வண்டி வெளியே போவதும் ஒரு காரியம் என்பது கடைசி மாதத்தில்தான் உறைத்தது. நாம் ஒரு வேனை ஓட்டிக்கொண்டு போகிறோம். அமெரிக்க சுங்கத் துறையின் பார்வையில் அது ஏற்றுமதி. பழைய வாகனம் எதுவானாலும், கனடாவுக்கே போனாலும், ஏற்றுமதித் தகவலைக் கணினியில் பதிந்து ஐ.டி.என். என்ற எண் வாங்க வேண்டும். அதைப் பதிவது சென்சஸ் துறையோடு சேர்ந்த முறையில். தலை எண்ணுகிறவர்களுக்கும் என் வேனுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன். நாட்டின் வெளிவணிகப் புள்ளிவிவரம் அவர்கள் கணக்காம். நானே பதியலாம் என்று உட்கார்ந்து, தொழில் நடத்துகிறவர்களுக்கான வரி எண்ணைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். ஒரு சுங்கத் தரகர் கட்டணம் வாங்கிக்கொண்டு அன்றைக்கே முடித்துக் கொடுத்தார்.

அடுத்தது டைட்டில், அதாவது வண்டி என்னுடையது என்கிற பத்திரம். அசல் வேண்டும். அதில் வங்கியின் பெயர் இருக்கக்கூடாது, இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் வேண்டும். கடனை முன்பே முடித்து, சுத்தமான டைட்டில் வாங்கிவைத்திருந்தேன். அந்த டைட்டிலின் நகலையும் மற்றத் தாள்களையும், கடக்கப்போகும் பாலத்தின் ஏற்றுமதி அலுவலகத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பாக அனுப்ப வேண்டும். பிறகு வண்டியையும் அசலையும் நேரில் காட்ட வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுத்தது பஃபலோவையும் ஃபோர்ட் ஈரியையும் இணைக்கும் பீஸ் பிரிட்ஜ்.

ஜூன் 29, வியாழன் மாலை மின்னஞ்சல் அனுப்பினேன். திங்கள் காலை போய்ச் சேர்ந்தால் 72 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வீட்டு வாடகை ஜூன் 30-உடன் முடிகிறது. சனி, ஞாயிறு நண்பன் வீட்டில். கறிவேப்பிலைச் செடியை எதற்கு வம்பு என்று பக்கத்து வீட்டு ஆந்திராக்கார அம்மாவிடம் கொடுத்தாயிற்று. பெரிய சாமான்கள் லாரியில் பின்னால் வரும். ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டுச் சும்மா மெயிலைத் திறந்தேன். வெள்ளி மதியமே பதில் வந்திருந்தது, இரண்டே வரி: டைட்டிலின் முன்பக்கம் மட்டும் வந்துள்ளது, இரண்டு பக்கமும் தேவை.

பின்பக்கம் என்பது வண்டியை விற்கும்போது நிரப்புகிற இடம். என்னுடையதில் அது வெறும் காலிக் கட்டங்கள். காலிக் கட்டத்தை எதற்கு ஸ்கேன் செய்வது என்று விட்டுவிட்டேன். மனைவி பக்கத்தில் வந்து படித்தாள். "ரெண்டு பக்கத்தையும் அனுப்புங்கோ எண்டு அண்டைக்கே சொன்னனான் தானே அப்பா." சொல்லியிருந்தாள். நண்பன் எழுந்துபோய் ஸ்கேனரை இயக்கினான்.

திங்கள் காலை போன் செய்தபோது, தாள்கள் இப்போதுதான் முழுமையாகியிருக்கின்றன, வியாழன் வாருங்கள் என்றார்கள். நடுவில் செவ்வாய், ஜூலை 4. அமெரிக்கச் சுதந்திர தினம். ஆக, சாவியைத் திருப்பிக் கொடுத்த வீட்டுக்குப் போக முடியாது, போக வேண்டிய வீட்டுக்குப் போக வழியில்லை. நண்பன் இருக்கச் சொன்னான். ஆனால் புறப்பட்டபிறகு திரும்ப உட்கார்ந்தால் காரியம் தங்கிப்போகும் என்று என் அம்மா சொல்வது நினைவுக்கு வந்ததோ என்னவோ, கிளம்பிவிட்டோம். பென்சில்வேனியா மலைகள், ஸ்க்ரான்டன், பிங்ஹாம்டன் என்று வேன் முனகிக்கொண்டே ஏறியது. பஃபலோவில் ஒரு மோட்டலில் மூன்று இரவு. காலையும் மாலையும் பிரெட், மதியம் மோட்டல் மைக்ரோவேவில் எம்.டி.ஆர். பாக்கெட். நயாகராவை அமெரிக்கப் பக்கமிருந்து பார்த்தோம், அருவியின் எதிர்க்கரையைக் காட்டி, "அதுதான் அம்மம்மா வீடா?" என்று மகன் கேட்டான். ஒருவகையில் ஆம் என்றேன்.

வியாழன் காலை ஏற்றுமதி அலுவலகத்தில் மொத்தமே இருபது நிமிடம். அலுவலர் வெளியே வந்து, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, டைட்டிலோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். உள்ளே போய் ஓங்கி ஒரு முத்திரை. மூன்று இரவு மோட்டலுக்குக் காரணமான அந்தக் காலிப் பின்பக்கத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிட்டு நீட்டினார்.

பாலத்தைத் தாண்டினால் கனடா. சாவடியில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: புதிதாகக் குடியேற வருகிறோம், வீட்டுச் சாமான் பட்டியல் இருக்கிறது, வண்டியை இறக்குமதி செய்கிறோம். அவர்களே வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி உள்ளே அனுப்புவார்கள். முதலில் குடிவரவு மேசை, சி.ஓ.பி.ஆரில் கையெழுத்து, மூன்று நான்கு கேள்விகள், "கனடாவுக்கு நல்வரவு." பிறகு சுங்க மேசை. சாமான் பட்டியலுக்கு பி.எஸ்.எஃப்.186 என்று ஒரு படிவம். பட்டியல் இரண்டாக வேண்டும், கூட வருபவை தனி, பின்னால் வருபவை தனி. இரண்டாவதை அன்றே காட்டாமல் விட்டால் லாரி வரும்போது அதற்கு வரி கட்ட நேரிடும்.

பட்டியல் போடுவதில் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி. நகை ஒவ்வொன்றையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, எடையும் மதிப்பும் எழுதியிருந்தாள். தாலிக்கொடிக்கும் அப்படித்தான். அலுவலர் படங்களைப் புரட்டிவிட்டு நகைப்பெட்டியைத் திறக்கச் சொல்லவே இல்லை. அவர் விரல் நின்றது வேறிடத்தில்: "ஸ்டோன் கிரைண்டர், 1." கல்லா, எந்திரமா என்று கேட்டார். இரண்டும் என்றேன். பார்க்கலாமா என்றார். வேனின் பின்கதவைத் திறந்து, மெத்தை விரிப்பு, இட்லிக் கொப்பரை, மகளின் சைக்கிள் எல்லாவற்றையும் தரையில் இறக்கினோம். மாமியின் பழைய வாயில் சேலையில் சுற்றியிருந்த டேபிள் டாப் கிரைண்டரை மனைவி பிரித்தாள். அலுவலர் குனிந்து உள்ளே இருந்த இரண்டு உருளைக் கற்களையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். ஓரத்தில் காய்ந்த மாவு கொஞ்சம் ஒட்டியிருந்தது. "எதற்கு?" "அரிசியும் உளுந்தும் அரைக்க." தலையாட்டிவிட்டு டிக் அடித்தார். எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற அரை மணி நேரம் ஆயிற்று.

நாங்கள் போன 2023-இல் வண்டிக்கு வரிக் கணக்கு இப்படி. குடியேற வருபவர், தன்னிடம் ஏற்கெனவே இருந்து பயன்படுத்திய பொருளை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆனால் ஒரு பொருளின் மதிப்பு 10,000 கனடிய டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி உண்டு. எங்கள் வேனின் மதிப்பு கொஞ்சம் தாண்டியது. மிச்சத்துக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வட அமெரிக்காவுக்கு வெளியே செய்த கார் என்றால் 6.1 விழுக்காடு சுங்கமும் சேரும். எங்களுடையதன் வின் எண் 5-இல் தொடங்கியதால், அதாவது அமெரிக்காவிலேயே செய்தது என்பதால், அது இல்லை. ஜே என்று தொடங்கினால் ஜப்பானில் செய்தது. வண்டியில் ஏ.சி. இருப்பதற்கென்றே 100 டாலர் வரி ஒன்று கனடாவில் இருக்கிறது. எட்டு மாதம் குளிர்கிற நாட்டில் அதை விதித்தவர் நகைச்சுவை உணர்வு உள்ளவர். இன்னொன்றையும் சொல்லி அனுப்பினார்கள்: வரிச்சலுகையில் வந்த பொருளை 12 மாதத்துக்குள் விற்றால் விட்ட வரியைக் கட்ட வேண்டும்.

கையில் வாகன இறக்குமதிப் படிவம். இனி ஆர்.ஐ.வி. என்னும் இறக்குமதி வாகனப் பதிவாளரோடு பேச்சு. பணம் கட்டி, ரீகால் கடிதத்தை ஏற்றியதும் வண்டிச் சோதனைக்கான படிவம் 2 வந்தது. வண்டி எல்லை தாண்டிய நாளிலிருந்து 45 நாளுக்குள் கனடியன் டயர் என்ற கடையில் சோதனை முடிய வேண்டும். அங்கே என் வேன் முதல் தடவை தேறவில்லை. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது கனடாவின் விதி. என்னுடையதில் எரியவில்லை. ஒரு நாள் முழுக்க, எங்கே மாட்ட வைப்பது, எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். மாமியின் ஒன்றுவிட்ட தம்பி, மார்க்கம் ரோடு பக்கம் கராஜ் வைத்திருப்பவர், வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். விளக்குத் திருகியை ஒரு நிலை தள்ளினார். எரிந்தது. "தம்பி, நிப்பாட்டி வச்சிருந்திருக்கிறியள்," என்றார். ஆறு வருடமாக.

ஸ்கார்பரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் பாதுகாப்புச் சான்றுக்காக அதே கராஜில் பிரேக் பேட் மாற்றினோம். நியூ ஜெர்சி லைசென்ஸைக் கொடுத்து ஒன்டாரியோ லைசென்ஸ் வாங்குவது எளிது. இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம் காட்டினால் ஓட்டிக் காட்டவே வேண்டாம். இன்சூரன்ஸில்தான் ரத்தக் கண்ணீர். பழைய கம்பெனியிடமிருந்து, இத்தனை வருடம் விபத்துக் கோரிக்கை இல்லை என்று கடிதமும், மோட்டார் வாகன அலுவலகத்திலிருந்து ஓட்டுநர் பதிவு நகலும் கிளம்புமுன்பே வாங்கிவிடுங்கள். அது இருந்தும், ஸ்கார்பரோ அஞ்சல் குறியீட்டைச் சொன்னதும் தொகை எகிறியது. முதல் மேற்கோளைக் கேட்டு நான் வாயடைத்து நிற்க, மாமி பக்கத்தில் இருந்து, "இஞ்ச எல்லாருக்கும் அப்பிடித்தான் தம்பி, தேத்தண்ணி குடியுங்கோ," என்றார்.

கடைசி வேலை நியூ ஜெர்சி நம்பர் பிளேட்டுகள். அவற்றை அந்த மாநிலத்திடம் ஒப்படைத்த பிறகுதான் பழைய இன்சூரன்ஸை ரத்து செய்ய வேண்டும், முந்திக்கொண்டால் வம்பு. ஓர் உறையில் போட்டு அஞ்சலகம் போனேன். எல்லை தாண்டும் பொட்டலம் என்பதால் சுங்கப் படிவம் நிரப்பச் சொன்னார் கவுன்டரில் இருந்த பெண். பொருள்: பழைய நம்பர் பிளேட், 2. மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது. சுழியம் போடலாமா என்று கேட்டேன். ஏதாவது போட்டாக வேண்டும் என்றார். ஒரு டாலர் என்று எழுதினேன். படிவத்தைத் திருப்பி, பின்பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.