சித்தப்பாவுடன் கோன்னி யானைக்கூட்டுக்கு

"ஏல, என் தோப்புக்கு ஆனை ராத்திரி காசு வாங்காமத்தான் வருது. அதைப் பாக்கதுக்கு மலையைத் தாண்டிப் போயி டிக்கெட்டு வேற எடுக்கணுமாக்கும்?" என்று சித்தப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வடகரையிலிருந்து மேக்கரை போகும் வழியில் அவருக்குச் சிறிய தென்னந்தோப்பு ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் யானைகள் இளந்தென்னையைச் சாய்த்துக் குருத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மரத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஆறேழு வருடம் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தவன் காலையில் அதைப் பார்த்தால், யானை என்றதும் அவனுக்குப் பிள்ளையார் நினைவுக்கு வரமாட்டார்.

என் மகளின் யானை வேறு. அவளுக்கு யானை என்றால் நெல்லையப்பர் கோயில் காந்திமதி. 1985-இல் கோயிலுக்கு வந்த காந்திமதியிடம் நானும் சிறுவயதில் காசு கொடுத்துத் துதிக்கையால் தலையில் ஆசீர்வாதம் வாங்கியிருக்கிறேன். அந்த ஈரமும் வைக்கோல் வாசனையும் வீடு வரை கூடவே வரும். மூட்டுவலியால் அவள் நடக்கச் சிரமப்பட்ட காலத்தில் பக்தர்கள் தோலில் செருப்புத் தைத்துக் கொடுத்ததை ஊரே பேசிற்று. 2025 ஜனவரி 12-ஆம் தேதி, 56 வயதில் அவள் இறந்த பிறகு என் மகள் கோயிலுக்கு வரும்போதெல்லாம் வெறும் இடத்தைப் பார்த்துவிட்டு, "வேற ஆனை எங்கப்பா இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினாள். முதுமலை, டாப்ஸ்லிப் யானை முகாம்கள் எங்களுக்குத் தூரம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில் இருக்கும் கோன்னி முகாம்தான் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடியது. புளியரை தாண்டிய பிறகு வழியில் டீ நன்றாக இருக்கும் என்ற ஒரே காரணத்திற்காகத்தான் வருவதாகச் சொல்லிச் சித்தப்பாவும் காரில் ஏறிக்கொண்டார்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய், அங்கிருந்து பத்தனாபுரம் தாண்டினால் கோன்னி. பருவமழை தொடங்கியதும் எங்கள் பக்கத்து ஆட்கள் அருவியில் குளித்துவிட்டு அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிவரும் பாதைதான் இது. ஆனால் யானை பார்க்கப் போகும்போது இந்த ஆரியங்காவுக் கணவாயை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் தாழ்ந்து வழிவிட்டதால்தான் 1904-இலேயே இதன் ஊடாக ரயில் ஓடிற்று. ரயிலோடு சாலையும், சாலையோடு ரப்பர்த் தோட்டங்களும், கடைகளும், வீடுகளும் வந்து நிரம்பியதில், தெற்கே அகத்தியமலைக் காட்டில் இருக்கும் யானைகளும் வடக்கே பெரியாறு வரை பரவியிருக்கும் யானைகளும் ஒன்றோடொன்று கலக்க முடியாமல் பிரிந்துவிட்டன. 2022-இல் 1,197 சதுர கிலோமீட்டர் பரப்பை அகத்தியமலை யானைகள் காப்பகம் என்று அறிவித்தார்களே, அது இந்தப் பிளவுக்குத் தெற்கே இருப்பது. இதை நான் சொல்லிக்கொண்டு வந்தபோது சித்தப்பா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பம் என் தோப்புக்கு வாறது வடக்கத்தி ஆனையா?" என்றார். வடகரை கணவாய்க்கு வடக்கே இருப்பதால் அவர் கேட்டது சரிதான்.

கோன்னியில் நாங்கள் முதலில் பார்த்தது யானையை அல்ல, கூட்டை. ஆனக்கூடு என்கிறார்கள், நம் ஊர்ப் பேச்சில் ஆனைக்கூடு. 1942-இல் கட்டப்பட்டது. கம்பகம் என்று அங்கே சொல்லும் இரும்பு போன்ற மரத்தில் தூண்களை நட்டுக் குறுக்குச் சட்டங்களைக் கோத்து, ஐந்தாறு யானைகளை ஒரே சமயத்தில் அடைக்கும் அளவுக்கு அமைத்திருக்கிறார்கள். சட்டம் ஒன்றில் கை வைத்துப் பார்த்தேன். யானையின் நெஞ்சு உயரம் இருக்கக்கூடிய இடத்தில் மரம் மழமழவென்று தேய்ந்திருந்தது. அது யானைகள் உரசித் தேய்ந்ததா, எண்பது வருடமாக என்னைப் போல வந்தவர்கள் தடவித் தேய்ந்ததா என்று கேட்டுக்கொள்ள விரும்பவில்லை.

காட்டில் யானை நடக்கும் தடத்தில் குழி வெட்டி, மேலே மூங்கிலும் தழையும் பரப்பி மூடிவிடுவார்கள். அதை அங்கே வாரிக்குழி என்பார்கள். சங்கத் தமிழில் இதற்குப் பயம்பு என்று பெயர். விழுந்த யானையை, பழக்கிய யானைகளை வைத்துக் கட்டி இழுத்துவந்து இந்தக் கூட்டில் அடைத்து, பசியாலும் கட்டாலும் பணியவைத்த பிறகு மரம் இழுக்க அனுப்பினார்கள். நாம் கும்கி என்று சொல்லும் யானைக்கு அவர்கள் சொல் தாப்பானை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1977-இல் யானை அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதோடு இந்தப் பிடிப்பெல்லாம் நின்றுபோயிற்று. இன்று அங்கே கூடு ஒரு காட்சிப்பொருளாகவும், யானைகள் அதற்கு வெளியிலும் நிற்கின்றன.

குளிப்பாட்டும் நேரத்தில் போய்விட்டோம். ஒருக்களித்துப் படுத்திருந்த யானையின் விலாவில் பாகர் ஏறி உட்கார்ந்து, தேங்காய்க் கதம்பையால் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் நாம் சட்டி தேய்க்கிற அதே 'சரக் சரக்' சத்தம். காது மடலுக்குப் பின்னால் தேய்க்கும்போது மட்டும் யானை மூச்சை நீளமாக விட்டது; துதிக்கை முனை தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. அது எழுந்து கரைக்கு வந்த பிறகு, கண்ணிலிருந்து கன்னம் வரை கருப்பாக ஓர் ஈரக்கோடு இறங்கியிருந்ததைக் கண்டு மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அழுவுதாப்பா?" யானைக்குக் கண்ணீரை மூக்குக்குள் கொண்டுபோகும் குழாய் கிடையாது, அதனால் எப்போதும் கன்னத்தில்தான் வழியும் என்று விளக்கினேன். உண்மைதான். ஆனால் கூட்டைப் பார்த்துவிட்டு வந்த கையோடு அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அதன்பின் தீனி. கூந்தற்பனை மட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு துதிக்கையால் ஓலையை உருவி, முன்னங்காலில் இரண்டு அடி அடித்து மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் வைத்தது. சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் இதைப் பார்க்கவில்லை. யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தங்கள் தோளுக்கு மேல் அதன் முகம் வரும்படி கைப்பேசியைச் சரிசெய்வதிலேயே இருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும்படி காவலர் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். என் மகளும் பத்து ரூபாய்த் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, துதிக்கை தன் தலைக்கு வரும் என்று காத்திருந்தாள். இங்கே ஆசீர்வாதம் கிடையாது என்று நான் சொன்னதும் முகம் வாடிவிட்டது. தின்பதும் குளிப்பதும் தவிர வேறு எதையும் நமக்காகச் செய்யாத யானை ஒன்றை நின்று பார்ப்பது, நான்கு தலைமுறையாகக் கோயில் யானையையே அறிந்த எங்கள் வீட்டுக்குப் பழக்கமில்லாத காரியம். எனக்கு அது பிடித்திருந்தது.

திரும்பிப் பார்த்தால் சித்தப்பாவைக் காணவில்லை. மர நிழலில் வயதான பாகர் ஒருவரோடு உட்கார்ந்து, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசிக்கொண்டிருந்தார். பட்டாசுச் சத்தத்துக்கு யானை எத்தனை நாளைக்குப் பயப்படும் என்பது இவர் கேள்வி. நாலு நாளைக்கு என்று அவர் விரல் காட்டினார். பிறகு ஈரமண்ணில் பதிந்திருந்த முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளந்து, அந்தக் கயிற்றை இரண்டு மடங்காக்கினால் யானையின் தோள் உயரம் வரும் என்று காட்டினார். சித்தப்பா நம்பாமல், அந்த யானையையும் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

வடகரை வந்து சேரும்போது இருட்டிவிட்டது. அன்று ராத்திரி அவர் முறைக் காவல் என்பதால் தோப்பிலேயே இறக்கிவிடச் சொன்னார். பக்கத்துத் தோப்புக்காரர் வேலி ஓரத்தில் நின்று, "அண்ணாச்சி, நேத்து வாய்க்கா பக்கம் வந்திருக்கு, மூணு தென்னம்பிள்ளை போச்சு" என்றார். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் கைப்பேசி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனவர், சேற்றில் குழிந்திருந்த தடத்தின் அருகே குத்தவைத்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டைச் சுற்றி வைத்துப் பார்த்தார். பற்றவில்லை. இடுப்பு வேட்டியின் முனையையும் சேர்த்துப் பிடித்து அளந்து, முழம் போட்டு இரண்டால் பெருக்கினார்.

"ஏல, ஒம்பது அடி இருக்கும் போலயே" என்றார்.