இடது பக்கம் பல்ஜ், வலது பக்கம் வலி

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது கடைசியில் முடிவைச் சுருக்கிச் சொல்லும் ‘இம்ப்ரெஷன்’ பகுதியைத்தான். எனக்கு முதுகெலும்பின் அடியில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற இரண்டு இடத்திலும் டிஸ்க் பல்ஜ் (எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை பிதுங்குவது), டிஸ்க்கில் நீர் வற்றல், இடது பக்கம் நரம்பு வெளியே வரும் துவாரத்தில் லேசான குறுக்கம். போதாததற்கு ‘தீக்கல் சாக்’ அழுத்தப்படுகிறது என்று ஒரு வரி. நாகர்கோவிலில் பஸ் ஏறி திருவட்டாறு வந்து இறங்குவதற்குள் போனில் தேடித் தேடி மனசுக்குள் ஆபரேஷனே முடிந்துவிட்டது.

எனக்கு வயது 48. வீட்டை ஒட்டி கொஞ்சம் ரப்பர் நிற்கிறது, பால் வெட்டுவது நான்தான். ஒட்டுக்கட்டி வளர்த்த ரப்பரில் முதல் வெட்டு சுமார் 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கும், நின்றபடியே வெட்டலாம். வருஷம் போகப் போக வெட்டு கீழே இறங்கும். என் மரங்களில் பாதிக்கு இப்போது முழங்காலுக்குக் கீழேதான் பட்டை மிச்சம். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்வதில் இடுப்பு என்னாகும்? வலது இடுப்பில் பிடித்த வலி பின்தொடை வரை இறங்கியது. மாத்திரைக்கும் அடங்கவில்லை, ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள்.

ரிப்போர்ட்டைக் காட்டப் போகும் முன் மனைவி ஒரு தாளை நீட்டினாள். “அங்க போய் எல்லாத்தையும் மறந்துட்டு வருவீங்க, எழுதுங்க.” எங்கே வலிக்கிறது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, எந்த வேலை முடியவில்லை. அரைப் பக்கம் வந்தது. டாக்டரம்மா ஸ்கேன் கவரை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தாளைத்தான் முதலில் படித்தார்.

அப்புறம் மல்லாந்து படுக்கச் சொல்லி, காலை மடக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கினார். பெருவிரலைத் தன் கையால் கீழே அமுக்கிக்கொண்டு, மேலே தள்ளச் சொன்னார். முழங்காலிலும் குதிகாலுக்கு மேலேயும் சின்னச் சுத்தியலால் தட்டினார். குதிகாலில் நடக்கவிட்டார், நுனிக்காலில் நடக்கவிட்டார். இவ்வளவுக்கும் பிறகுதான் படம் வெளிச்சத்துக்குப் போனது.

“வெள்ளையா ஓடுதே, அது நரம்பைச் சுத்தி இருக்கிற தண்ணி. அந்தப் பைதான் தீக்கல் சாக். டிஸ்க் முன்னால லேசா தொட்டிருக்கு, உள்ளே இடம் தாராளமா இருக்கு.” மேலே உள்ள டிஸ்க்குகள் நடுவில் வெளுப்பாகவும் கீழே இரண்டு மட்டும் கறுப்பாகவும் இருந்தன. நீர் வற்றல் என்றது அந்தக் கறுப்பைத்தான்.

நான் கேட்கவென்று வைத்திருந்தது ஒரே கேள்வி: இதில் எந்த வரி என் வலியோடு பொருந்துகிறது? டாக்டரம்மா சிரித்தார். “ரிப்போர்ட் எழுதினவர் படத்தைத்தான் பார்த்தார், உங்களைப் பார்க்கலை. குறுக்கம் இடது பக்கம், வலி உங்களுக்கு வலது பக்கம். காலில் பலம் குறையலை, மரப்பும் இல்லை. இது தசையும் மூட்டும் பண்ற வேலை மாதிரிதான் இருக்கு.” இந்த வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் இப்படித்தான் வரும் என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன். வலியில்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஒரு ஆய்வில், 50 வயதில் 60 சதவீதம் பேருக்கு பல்ஜ், 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருக்கிறது. பஸ்ஸில் தேடியபோது இது ஏன் கண்ணில் படவில்லையோ!

எது வந்தால் ஓடிவர வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன். மூத்திரம் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, இதையும் தள்ளிப்போடக் கூடாது. இவை எதுவும் இல்லாமல் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.

மருந்து கொஞ்சம்தான். பயிற்சிதான் அதிகம். படுத்தே கிடக்காமல் நடக்கச் சொன்னார். தாழ்ந்த மரங்களைக் குனிந்து வெட்டாமல் ஒரு காலை மண்டியிட்டு வெட்டுகிறேன், நேரம் கூடுதலாகிறது. வலி முக்கால்வாசி போய்விட்டது, மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும்.

நம்ம ஊரில் இதோடு விடுவார்களா? வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் தடவப் போகலாமா என்றும் கேட்டுவிட்டேன். “எண்ணெய் தடவட்டும், முதுகில் ஏறி மிதிக்கவோ முறுக்கவோ விடாதீங்க” என்றார். ஆசானிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துவிட்டு, எண்ணெயைச் சூடாக்கச் சொன்னார்.