படைச்சதோ, தங்கச்சி?

2024 மே 10, வெள்ளி, முல்லைத்தீவு
பல்சமயக் கூட்டத்தைப் பகல் 12 மணிக்கு வைத்தேன். ஐயர் வந்தார், ஃபாதர் வந்தார், வவுனியாவிலிருந்து பிக்குவும் வந்துவிட்டார். மௌலவியின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஜும்ஆத் தொழுகை நேரம்! ஆறு வருடமாக இதே வேலை செய்கிறேன், வெட்கம். ராத்தா (ஊர் முஸ்லிம் அக்கா ஒருவரை இப்படித்தான் கூப்பிடுவேன்) போனில் சிரித்தார்: "வெள்ளிக்கிழமையாப் பார்த்துத்தான் வச்சீங்களோ தங்கச்சி?" ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மே 11
மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் படிவத்தையும் நிரப்பலாம் என்று எடுத்துப் போனேன். 'இடம்பெயர்ந்த ஆண்டு' என்ற கட்டத்தில் 2008, 2009 இரண்டு மட்டும்தான். ராத்தாவின் ஆண்டு 1990. அந்த ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்கு ஒன்பது வயது. புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, சண்டை முடிந்த பிறகுதான் திரும்பினார். அரச கணக்கில் இவர்கள் 'பழைய இடம்பெயர்ந்தோர்'. இடம்பெயர்வதிலும் பழசு, புதுசு!

"உங்கட கதை எல்லாம் 2009இல தொடங்குது" என்றார். நான் பேனையை மூடிவிட்டேன். சண்டையின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். எனக்கு அந்த ஆண்டுதான் தொடக்கம், உண்மைதான்.

மே 14
முள்ளிவாய்க்கால் நினைவாக ஊரில் கஞ்சி காய்ச்சினோம். அரிசி, தண்ணீர், கொஞ்சம் உப்பு. ராத்தாவைக் கூப்பிடுவதா என்று அலுவலகத்தில் இரண்டு நாள் யோசித்தார்கள். நான் கேட்காமலே கூப்பிட்டுவிட்டேன். வந்தார். சிரட்டையைக் கையில் வாங்கிவிட்டு, மெதுவாக, "படைச்சதோ, தங்கச்சி?" என்றார்.

பக்கத்தில் நின்ற அக்கா வெடுக்கென்று, "படைச்சால் என்ன? செத்த சனத்துக்குத்தானே!" என்றார். அவருடைய மகன் அங்கேதான் போனவன். யாரும் வாய் திறக்கவில்லை. மதநல்லிணக்கம் பற்றி மணிக்கணக்கில் வகுப்பு எடுக்கிற எனக்கும் ஒன்றும் வரவில்லை.

"இல்லை ராத்தா, படைக்கிறது தனியா எடுத்து வச்சிருக்கு. இது பானையிலிருந்து நேரா வந்தது" என்று ஒருவாறு சொன்னேன். குடித்தார்.

"உப்புக் குறைவு."

"அப்ப உப்பே இல்லை" என்றார் அக்கா, முகம் பாராமல்.

ராத்தா சிரட்டையை நீட்டினார். அக்காதான் இன்னொரு அகப்பை ஊற்றினார்.

மே 16
படிவத்தில் கையால் ஒரு கோடு இழுத்து 1990 என்று எழுதி அனுப்பினேன். கொழும்பிலிருந்து இன்னும் பதில் இல்லை. அடுத்த கூட்டம் புதன், காலை பத்து மணி.